கோடைப் பயிற்சிக்குப் போக யாரால் முடிகிறது?

மே மாதம் பிறந்துவிட்டால் பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரே பேச்சுதான். "இன்டர்ன்ஷிப் கிடைச்சுதா?" மூன்றாம் ஆண்டுத் தேர்வை முடித்தவர்கள் நாற்பது, நாற்பத்தைந்து நாள் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்குப் போய் வேலை பழகி, அறிக்கை எழுதி, சான்றிதழோடு திரும்ப வேண்டும். தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் பயிற்சிக் கொள்கை, பட்டம் வாங்குவதற்குள் 600 முதல் 700 மணி நேரம் இப்படிப் பழக வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். பம்பையும் வால்வையும் படத்தில் மட்டும் பார்த்தவர் பொறியாளர் ஆகிவிட முடியாது.

ஆனால், அந்தப் பயிற்சி இடம் யாருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால்தான் சங்கதி புரியும். அப்பா வேலை பார்க்கும் கம்பெனி, மாமாவுக்குத் தெரிந்த மேலாளர், சித்தப்பாவின் நண்பர் நடத்தும் அலுவலகம் என்றுதான் பெரும்பாலான கதவுகள் திறக்கின்றன. நம் பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை பார்க்கும் இடம் கரும்புக் கொல்லை, முந்திரித் தோப்பு, செங்கல் சூளை. அங்கே எடுக்க வேண்டிய கோடைப் பயிற்சியை நம் பிள்ளைகள் பத்து வயதிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

கல்லூரியில் சேர இட ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு. போராடிப் பெற்ற இந்தக் கதவு வழியாகத்தான் நம் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். ஆனால் கல்லூரிக்கும் வேலைக்கும் நடுவில் இன்னொரு கதவு முளைத்திருக்கிறது. அதன் பெயர் கோடைப் பயிற்சி. அந்தக் கதவில் ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, தட்டிக் கேட்கச் சட்டமும் இல்லை. இதைப் பற்றி நாம் இதுவரை பேசாமல் இருந்துவிட்டோம்.

விருத்தாசலம் பக்கத்துத் தம்பி

விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சேரியிலிருந்து இயந்திரவியல் படிக்கப் போன தம்பி ஒருவர் சென்ற கோடையில் சென்னைக்குப் பயிற்சிக்குப் போய்வந்தார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் மூத்த அண்ணன் ஒருவர் சொல்லிவிட்டதால் கிடைத்த இடம் அது. பெரிய கட்டடங்களுக்குள் தண்ணீர், மின்சாரம், ஏ.சி., தீத்தடுப்பு ஆகியவற்றை வடிவமைத்துக் கொடுக்கும் ஓர் அலுவலகம். 45 நாள். சம்பளம் கிடையாது. "கத்துக்க விடறதே பெரிசு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அவர் வீட்டில் கணக்குப் போட்டார்கள். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த அறையில் இவர் பங்கு வாடகையும் முன்பணமும் 6,500 ரூபாய். சாப்பாடு ஒரு நாளைக்கு 150 என்றாலும் 45 நாளுக்கு 6,750. பேருந்து, ரயில், செல்பேசி எல்லாம் சேர்த்து 15,000 தாண்டியது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்வி உதவித்தொகை கல்லூரிக் கட்டணத்துக்கும் படிப்புக் காலத்துச் செலவுக்குமே சரியாகிவிடும். மீதிக்கு அம்மா சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினார். கோடையில் தம்பி எப்போதும் பெயின்ட் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வருவார். அந்த வருமானமும் இந்த முறை போயிற்று. செலவு ஒரு பக்கம், இழந்த கூலி ஒரு பக்கம். சம்பளமில்லாத பயிற்சி என்றால் நம் வீட்டில் அது இரட்டைச் செலவு.

அறை தேடியது தனிக் கதை. முதல் இரண்டு வீட்டுக்காரர்களும் ஊர் எது, தெரு எது, அப்பா பெயர் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். மூன்றாமவர் நேராகவே கேட்டுவிட்டார். கடைசியில் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஏற்கெனவே தங்கியிருந்த அறையில்தான் பாய் விரிக்க இடம் கிடைத்தது.

இதைக் கேட்டபோது நமக்கு அண்ணல் அம்பேத்கரின் பரோடா நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. 1917இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு, பரோடா அரசில் பணியில் சேர வந்தவருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் விவரம் தெரிந்து, தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். படிப்பு இருந்தது, பதவி இருந்தது, படுக்க இடம் இல்லை. நூறாண்டு கடந்தும் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளை முதலில் மோதும் சுவர் அதுவேதான்.

கட்டடத்துக்குள் ஓடும் கட்டடம்

அந்த அலுவலகத்தில் என்ன வேலை என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீடு கட்டுவது என்றால் நாம் செங்கல், சிமென்ட், கம்பி என்று நினைக்கிறோம். பெரிய மருத்துவமனையிலோ பத்து மாடிக் குடியிருப்பிலோ சுவருக்கும் கூரைக்கும் பின்னால் இன்னொரு கட்டடம் ஓடுகிறது. நல்ல தண்ணீர் ஏறும் குழாய், கழிவு இறங்கும் குழாய், மின்கம்பி, மின்தூக்கி, குளிர்காற்று போகும் தகரப் பாதை, தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கும் குழாய். இவற்றையெல்லாம் கணக்குப் போட்டு வரைவதற்குக் கட்டடச் சேவைப் பொறியியல் என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் எம்.இ.பி. என்பார்கள். இயந்திரவியல், மின்னியல், குடிமைப் பொறியியல் படித்தவர்கள் எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்கும் உண்டு.

தம்பி முதல் வாரம் குளிரூட்டும் கணக்கைப் பழகினார். ஒரு டன் ஏ.சி. என்றால் அதன் எடை அல்ல. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன், ஏறக்குறைய 3.5 கிலோவாட். மேற்குப் பார்த்த சன்னல் எத்தனை, கூரையில் வெயில் எவ்வளவு, உள்ளே எத்தனை பேர் என்று கூட்டித்தான் அதை முடிவு செய்ய வேண்டும். ஓட்டு வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் வெயிலை உடம்பால் அளந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபட்டதில் வியப்பில்லை.

இரண்டாம் வாரம் தண்ணீர்க் கணக்கு. தேசியக் கட்டட விதித் தொகுப்பின்படி, விடுதியில் தங்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு தொட்டியை வடிவமைக்க வேண்டும். 100 பேர் தங்கினால் 13,500 லிட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் தம்பிக்குத் தான் படித்து வளர்ந்த ஆதிதிராவிடர் நல விடுதி நினைவுக்கு வந்ததாம். காலையில் ஆளுக்கு ஒரு வாளி, அதுவும் வரிசையில் நின்று. ஒரு வாளி 15 லிட்டர் என்று வைத்தால் ஒன்பது வாளிக்கு உரிமை உள்ள பிள்ளைக்கு ஒரு வாளி. "அந்தக் கணக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா வார்டன்கிட்ட கேட்டிருப்பேன்" என்றார். இந்தப் படிப்பு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் பதிலாகச் சொல்வோம்.

இரண்டு கம்பிகள்

நான்காவது வாரம் தம்பியைக் கட்டுமான இடத்துக்கு அழைத்துப் போனார்கள். பாதி வீடுகளில் ஆட்கள் குடிவந்துவிட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டிகள். ஒரு தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்துவைத்து, இடுப்பில் கயிறு கட்டியபடி ஒருவர் நின்றிருந்தார். முகத்தில் துணி. கையுறைகூட இல்லை. தம்பியின் பேச்சைக் கேட்டதும் அவர் திரும்பினார்.

"எந்த ஊரு தம்பி?"

"விருத்தாசலம் பக்கம்ண்ணே."

"நமக்குத் திட்டக்குடி. படிக்கிறியா? படி, படி."

சொல்லிவிட்டு இறங்கினார். சற்று நேரத்தில் மேலே வந்து சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. அன்று தப்பினார், அவ்வளவுதான். தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டையைப் போல நாறும். அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி ஓர் அடி கூட எடுத்துவைத்தவர்கள் அங்கேயே சரிந்திருக்கிறார்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து மாண்டிருக்கிறார்கள்.

தம்பி அன்று எதுவும் பேசவில்லை. பேச வாய் வரவில்லை என்றார். அதை நாம் குறையாகச் சொல்ல மாட்டோம். சம்பளமில்லாத பயிற்சியில் சான்றிதழுக்காக நிற்கும் இருபது வயதுப் பிள்ளை அங்கே எந்தப் பலத்தில் பேசுவார்? இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் அந்தக் கட்டடத்தின் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். முதல் வரைபடத்தில் தொட்டிக்குள் செங்குத்தாக இரண்டு கம்பிகள் இருந்தன. பம்பு அந்தக் கம்பிகளைப் பிடித்தபடி சங்கிலியில் இறங்கி, அடியில் உள்ள குழாயோடு தானாகப் பொருந்திக்கொள்ளும். பழுதானால் மேலே நின்று சங்கிலியை இழுத்தால் பம்பு வெளியே வந்துவிடும். ஆள் இறங்கத் தேவையே இல்லை. கடைசி வரைபடத்தில் அந்தக் கம்பிகள் இல்லை. செலவைக் குறைக்கும் பட்டியலில் அவை அடிபட்டுப் போயிருந்தன. அந்தத் தொழிலில் இதற்கு 'வேல்யூ இன்ஜினியரிங்' என்று பெயர்.

இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். மனிதர் தொட்டிக்குள் இறங்குவது தொட்டி அடைக்கும் நாளில் முடிவாவதல்ல. பல ஆண்டுகளுக்கு முன் குளிரூட்டிய அறையில் ஒருவர் இரண்டு கோடுகளை அழிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கோட்டை அழித்தவருக்கு இறங்கப்போகிறவரின் முகம் தெரியாது. தம்பிக்குத் தெரிந்தது, ஊரும் தெரிந்தது.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்யவைப்பதைத் தடை செய்கிறது. மீறினால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20இல் உச்ச நீதிமன்றம், இப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. அதற்கு முன் 2014 தீர்ப்பில் அது 10 லட்சமாக இருந்தது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது என்பது நமக்கு வெட்கம். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்துக்காக எடுத்த கணக்கிலேயே, இந்த வேலையில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் பட்டியல் சாதியினர்.

தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, இழப்பீட்டுக்குத் தீர்ப்பு இருக்கிறது. இரண்டும் ஆள் செத்த பிறகு வருகிறவை. ஆள் சாகாமல் இருக்க வரைபடம் மாற வேண்டும். கழிவு உறிஞ்சும் லாரி வந்து நிற்கும் தூரத்தில் தொட்டியை வைப்பது, மூடியைத் திறக்காமலே உறிஞ்சும் குழாயைப் பதிப்பது, குழாய் அடைக்காதபடி சரிவு கொடுப்பது, திரும்பும் இடந்தோறும் அடைப்பெடுக்கும் வாய் வைப்பது, பம்புக்கு அந்த இரண்டு கம்பிகளைப் போடுவது. இவற்றில் ஒன்றுகூட ராக்கெட் வித்தை அல்ல. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு என்பது தொழிலில் பழைய கைக்கணக்கு. நாம் இன்னும் அந்தக் குழிக்கு 'ஆள்நுழைவுக் குழி' என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஆள் நுழைவதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட பிறகு யாரைக் கேட்பது?

அதனால்தான் சொல்கிறோம். இந்தத் துறையின் வரைபட மேசையில் நம் பிள்ளைகள் உட்கார வேண்டும். மற்றவர்களுக்கு மனசாட்சி இல்லை என்பதற்காக அல்ல. எதை அழித்தால் யார் சாவார் என்பது நம் பிள்ளைக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே தெரியும் என்பதற்காக. அந்த மேசைக்குப் போகும் வழி 45 நாள் கோடைப் பயிற்சி. அதைக் காசுள்ளவர்களுக்கும் ஆள் தெரிந்தவர்களுக்கும் மட்டும் விட்டுவிட்டால், தொட்டிக்குள் இறங்குவதில் மட்டும் நமக்கு நூறு விழுக்காடு ஒதுக்கீடு தொடரும்.

அண்ணல் கேட்டதும் நாம் கேட்பதும்

இது புதிய கோரிக்கையும் அல்ல. 1942இல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு அளித்தார். அதில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டதோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைத் தொழில் பழக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டார். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தங்களில் நம்மவர்களுக்கு இடமில்லாததையும் எடுத்துச்சொன்னார். படிப்பும் பயிற்சியும் சேர்ந்தால்தான் வேலை என்பதை 80 ஆண்டுகளுக்கு முன்பே கண்டவர் அவர்.

1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தில் உதவித்தொகை கட்டாயம். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கத் தனிப் பிரிவே அதில் இருக்கிறது. ஆனால் கல்லூரி மாணவரின் கோடைப் பயிற்சி அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. 2024இல் பிரதமர் பயிற்சித் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அதில் மாதம் 5,000 ரூபாய் இருந்தது. ஆனால் அது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் விழுந்து கிடப்பவர்கள்தான் நம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள்.

இந்தச் சந்தை அடைக்க மாநில அரசால் முடியும். நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, பயிற்சிப்படி. கோடைப் பயிற்சிக்குப் போகும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்தக் காலத்துக்கு உணவும் பயணமும் ஈடுகட்டும் தொகையை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை தர வேண்டும். கல்லூரி முதல்வரின் கடிதமும் பயிற்சி தரும் நிறுவனத்தின் கடிதமும் போதும் என்று வைக்க வேண்டும். தொகை பயிற்சி தொடங்கும் முன் வர வேண்டும். தீபாவளிக்கு வந்தால் அது வட்டி கட்டத்தான் ஆகும்.

இரண்டாவது, தங்குமிடம். கல்வியாண்டு முடிந்ததும் நல விடுதிகள் பூட்டப்படுகின்றன. சரியாக அந்த மாதங்களில்தான் நம் பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் அறை தேடி அலைகிறார்கள். பெருநகரங்களில் ஆளுக்கொன்றாக ஆண், பெண் விடுதிகளைக் கோடையில் பயிற்சி மாணவர்களுக்காகத் திறந்துவைத்தால் செலவில் பாதியும், சாதி கேட்கும் வீட்டுக்காரர்களின் தொல்லை முழுதும் தீரும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். பாதுகாப்பான இடம் இல்லை என்ற ஒரே காரணத்தால் உள்ளூரிலேயே ஏதாவது ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு முடங்கும் மாணவிகள் ஏராளம்.

மூன்றாவது, அரசே பயிற்சி இடம் தருவது. தாட்கோ நம் பிள்ளைகள் தங்கும் விடுதிகளையும் படிக்கும் பள்ளிகளையும் கட்டுகிறது. அதற்குப் பொறியியல் பிரிவு இருக்கிறது. பொதுப்பணித் துறையில் கட்டடப் பிரிவும் மின் பிரிவும் இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் இவை நம் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்து, மாவட்டத்தில் உள்ள நல விடுதிகளை ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லட்டும். தலைக்கு 135 லிட்டர் தண்ணீர் வருகிறதா, கழிவறைகள் போதுமா, மின்கம்பி பழுதில்லாமல் இருக்கிறதா, எர்த் இருக்கிறதா, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா, கழிவுத் தொட்டியை ஆள் இறங்காமல் எடுக்க முடியுமா? 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகிய பிறகும் வெளியேறும் வழியை எண்ணிப் பார்க்காத கட்டடங்கள் நம்மிடம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? மாணவர்களுக்குப் பயிற்சியும் ஆகும், விடுதிக்கு ஆய்வும் ஆகும்.

நான்காவது, கல்லூரிகளின் பொறுப்பு. பயிற்சி இடங்களின் பட்டியலைப் பேராசிரியரின் கைப்பேசியிலிருந்து அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுவர வேண்டும். எந்த நிறுவனத்துக்கு யாரை அனுப்பினோம் என்பதைத் துறைவாரியாக வெளியிட வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவு கல்லூரியில் இருந்தால் அது உதவித்தொகை விண்ணப்பத்தில் முத்திரை குத்துவதோடு நிற்காமல் இதையும் கவனிக்கட்டும்.

இதற்கு மறுப்பு சொல்கிறவர்கள் உண்டு. "படிக்கிற காலத்தில் கொஞ்சம் கஷ்டப்பட்டால் என்ன?" என்பார்கள். கஷ்டத்துக்கு நாம் அஞ்சவில்லை. எங்கே கஷ்டப்பட்டால் படிப்பு கூடுமோ அங்கே படட்டும். அறை தேடுவதிலும் கடன் வாங்குவதிலும் படும் கஷ்டத்தால் ஒரு குழாயின் அளவுகூடப் பிடிபடுவதில்லை. "தனியார் நிறுவனம் இலவசமாகச் சொல்லித்தருவதே உதவிதானே?" என்றும் கேட்பார்கள். முதல் பத்து நாளுக்கு அது சரி. அதன்பின் பிள்ளை வரைந்த வரைபடம் வாடிக்கையாளரிடம் போகிறது. வேலை வாங்கினால் கூலி கொடுப்பதுதான் முறை.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

அரசு செய்யும்வரை காத்திருக்க முடியாது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அடுத்த கோடைக்குப் போகப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறோம்.

காசு வாங்கிக்கொண்டு பயிற்சிச் சான்றிதழ் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். இரண்டாயிரம் ரூபாய் கட்டி, வீட்டில் இருந்தபடியே வாங்கும் காகிதம் நேர்முகத் தேர்வில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. மார்ச் மாதத்துக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள். உங்கள் கல்லூரியில் படித்து வேலைக்குப் போன மூத்தவர்களை வெட்கப்படாமல் கேளுங்கள். நமக்கு மாமா கம்பெனி இல்லை. அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்கள் நமக்கு முன்னே போனது நமக்காகவும்தான்.

போன இடத்தில் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இன்று என்ன கணக்கு போட்டேன், எந்தக் குழாய் என்ன அளவு, ஏன் அந்த அளவு என்று. தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016 கல்லூரி நூலகத்தில் இருக்கும். நான்காம் பகுதி தீப்பாதுகாப்பு, ஒன்பதாம் பகுதி தண்ணீரும் கழிவுநீரும். அந்த இரண்டையும் புரட்டியவர் முதல் நாளிலேயே மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்பார். ஆங்கிலம் தடுமாறுகிறதா? வரைபடத்துக்கு மொழி குறைவு. கோடு சரியாக இருந்தால் பேச்சு பின்னால் வரும். அறிக்கை எழுதும்போது பார்த்ததை மறைக்காதீர்கள். ஆள் இறங்கும் தொட்டியைப் பார்த்தால், ஆள் இறங்காமல் அதை எப்படிச் செய்யலாம் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அது புகார் அல்ல, பொறியியல்.

நம் விருத்தாசலத்துத் தம்பி அதைத்தான் செய்தார். அறிக்கையின் கடைசியில் அந்தத் தொட்டியின் படத்தை மறுபடி வரைந்து, இரண்டு கம்பிகளையும் சேர்த்து, அதற்கு ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதினார். அலுவலகத்தில் மூத்த பொறியாளர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வேலையில் இதை எடுக்க விடாமப் பார்த்துக்கறேன்" என்றாராம். சொன்னபடி செய்வாரா என்பது தெரியாது. அந்தக் குடியிருப்பில் இன்றும் கம்பி இல்லை. அடுத்த முறை பம்பு அடைக்கும்போது திட்டக்குடிக்காரரைத்தான் கூப்பிடுவார்கள்.

தம்பி இப்போது நான்காம் ஆண்டு. அம்மா வாங்கிய குழுக் கடனில் இன்னும் சில தவணைகள் பாக்கி இருக்கின்றன. அந்தக் கடனை ஒரு தாய் கட்ட வேண்டியதில்லை, அது அரசு கட்ட வேண்டியது என்பதுதான் நம் வாதம். சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் நல மானியக் கோரிக்கை வரும்போது நம் தொகுதி உறுப்பினர்கள் இதைப் பேச வேண்டும். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். கல்லூரியில் மனுவாகக் கொடுங்கள். அடுத்த மே மாதம் "இன்டர்ன்ஷிப் கிடைச்சுதா?" என்று கேட்கும்போது, கிடைத்தும் போக முடியாமல் தலை குனிந்து நிற்கும் பிள்ளை நம் தெருவில் ஒருவர்கூட இருக்கக் கூடாது.